நூற்றுக்கு ஐந்து போதும் என்ற முதலாளி
ராபர்ட் ஓவன் வாழ்க்கை வரலாறு

பணம் போட்டால் இலாபம் வர வேண்டும். அதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வீணாய்ப் போக யார்தான் சம்மதிப்பார்கள்?

ஆனால் அந்த இலாபம் எங்கிருந்து வருகிறது? யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது? எவ்வளவு வந்தால் போதும்?

இந்தக் கேள்விகளை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். கேட்டதோடு அவர் நிற்கவில்லை. தம்முடன் கூட்டுச் சேர வந்த பணக்காரர்களை ஓர் ஒப்பந்தத்துக்கு இணங்க வைத்தார். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து. அதற்கு மேல் வருவது தொழிலாளர் நன்மைக்கு. இதுதான் ஒப்பந்தம்.

அவர்தான் ராபர்ட் ஓவன். கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது.

சேணம் தைப்பவர் மகன்

பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நியூடவுன் என்ற சிற்றூரில் 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி ஓவன் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். இரும்புச் சாமான் வியாபாரமும் செய்தார். ஊர்த் தபால் வேலையையும் பார்த்தார். ஏழு குழந்தைகளில் ஓவன் ஆறாவது.

பள்ளிப் படிப்பு ஒன்பது வயதோடு நின்றது. பத்து வயதில், லண்டனில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான் சிறுவன். அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்ற ஊருக்குப் போய், ஒரு ஜவுளிக் கடையில் தொழில் பழகினான்.

கடை முதலாளி நல்லவர். அவர் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. வேலை முடிந்ததும் சிறுவன் அவற்றை எடுத்துப் படிப்பான். துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லும் திறமையும் அங்கே வந்தது.

அடுத்து லண்டனில் ஒரு பெரிய கடை. அங்கே வேலை மிகக் கடுமை. பகலெல்லாம் வாடிக்கைக்காரர் கூட்டம். அவர்கள் போன பிறகு, கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்க வேண்டும். சில நாட்களில் படுக்கப் போகும்போது இரவு மணி இரண்டு ஆகிவிடும். உழைப்பவர் படும் பாட்டை இளமையிலேயே உடம்பில் பட்டு அறிந்தவர் ஓவன்.

100 பவுன் கடன்

அது இங்கிலாந்தில் இயந்திரங்கள் பெருகிவந்த காலம். கையால் நூற்ற நூலை இயந்திரம் நூற்கத் தொடங்கியது. மான்செஸ்டர் நகரம் நூற்பாலைகளால் நிறைந்தது. ஓவனும் அங்கே போனார்.

18 வயதில் அண்ணனிடம் 100 பவுன் கடன் வாங்கினார். பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். ஒரு மெக்கானிக்குடன் கூட்டுச் சேர்ந்து, நூற்கும் இயந்திரங்கள் செய்யும் பட்டறை வைத்தார். பிறகு கூட்டிலிருந்து விலகினார். தம் பங்குக்குக் கிடைத்த மூன்று இயந்திரங்களையும் மூன்று ஆட்களையும் வைத்துக்கொண்டு தாமே நூல் நூற்றார். வாரத்துக்கு ஏறத்தாழ 6 பவுன் கிடைத்தது.

அப்போது மான்செஸ்டரில் டிரிங்க்வாட்டர் என்ற ஆலை முதலாளிக்கு ஒரு மானேஜர் தேவைப்பட்டது. ஓவன் போய் நின்றார். முகத்தைப் பார்த்தால் சிறு பிள்ளை. சம்பளமோ ஆண்டுக்கு 300 பவுன் கேட்டார். முதலாளி திகைத்தார். சொந்தத் தொழிலில் இப்போதே அந்தத் தொகை வருகிறது என்று சொல்லித் தம் கணக்கைக் காட்டினார் ஓவன். வேலை கிடைத்தது. 500 தொழிலாளர் வேலை செய்த ஆலைக்கு 20 வயதை ஒட்டிய இளைஞர் தலைவரானார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஓவன் கணக்குத் தெரியாத சாமியார் அல்லர். இலாப நட்டம் நன்றாகத் தெரிந்த தொழில்காரர். பின்னால் அவர் செய்த தருமத்தின் சிறப்பும், அவர் செய்த தவறின் பெருமளவும் இதை நினைவில் வைத்தால்தான் விளங்கும்.

நீர்வீழ்ச்சி ஊர்

ஸ்காட்லாந்தில் கிளைடு என்ற ஆறு ஓடுகிறது. அதன் நீர்வீழ்ச்சிக்கு அருகே நியூ லானார்க் என்ற ஊர் இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 மைல் தொலைவு. விழும் நீரின் வேகத்தால் இயந்திரங்களைச் சுழற்றுவதற்காக அங்கே டேவிட் டேல் என்பவர் பெரிய நூற்பாலைகளைக் கட்டியிருந்தார்.

டேலின் மகள் கரோலின். ஓவன் அவளைச் சந்தித்தார். இருவரும் விரும்பினர். 1799ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. அதே ஆண்டில் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் ஆலைகளை 60,000 பவுனுக்கு விலை பேசினர். ஆண்டுக்கு 3,000 பவுன் வீதம் 20 ஆண்டுகளில் கட்டித் தீர்ப்பது என்று ஏற்பாடு.

1800ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓவன் நிர்வாகத்தை ஏற்றார். அந்த ஊரில் அப்போது இருந்தவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 500 பேர் குழந்தைகள். அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். டேல் இரக்கமுள்ளவர்; நல்ல சாப்பாடும் இருப்பிடமும் கொடுத்தார். ஆனாலும் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை அந்தப் பிஞ்சுகள் ஆலையில் நின்றன.

ஓவன் அநாதைக் குழந்தைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை இல்லை என்றார்.

ஊர்க் கடைகளில் மட்டமான சரக்கு அதிக விலைக்கு விற்றது. கடனுக்கு வாங்கி மக்கள் அழிந்தனர். ஓவன் தாமே ஒரு கடை வைத்தார். நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி, வாங்கிய விலையை ஒட்டியே விற்றார். அதில் கிடைத்த சிறு இலாபமும் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. நோய்க் காலத்துக்கு ஒரு நிதி ஏற்பட்டது. சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு அதற்குப் பிடித்தம்.

வேலையில் அடியும் திட்டும் கூடாது என்று ஆயிற்று. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தொழிலாளி அருகிலும் நான்கு பக்கம் கொண்ட சிறு மரக்கட்டை தொங்கியது. பக்கத்துக்கு ஒரு நிறம். நேற்றைய வேலை மோசம் என்றால் கறுப்பு, சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது அந்த நிறத்தைப் பார்ப்பார். ஒரு சொல்லும் பேசமாட்டார். நாளடைவில் கறுப்பு குறைந்தது. மஞ்சளும் வெள்ளையும் பெருகின.

நான்கு மாதச் சம்பளம்

தொழிலாளர் அவரை எளிதில் நம்பிவிடவில்லை. வெளியூரிலிருந்து வந்த முதலாளி ஏதோ தந்திரம் செய்கிறான் என்றே நினைத்தனர்.

1807ஆம் ஆண்டு முடிவில் அமெரிக்கா தன் கப்பல்கள் வெளிநாடு போகத் தடை விதித்தது. பஞ்சு விலை மலைபோல் ஏறியது. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கினால் நட்டம் வரும். மற்ற முதலாளிகள் செய்தபடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் குடும்பங்கள் பட்டினி கிடக்கும்.

ஓவன் இயந்திரங்களை நிறுத்தினார், சம்பளத்தை நிறுத்தவில்லை. நான்கு மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது மட்டுமே வேலை. இதற்கு 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று.

ஊர் அவர் பக்கம் திரும்பியது. நம்பிக்கையோடு உழைத்தவர்களால் ஆலை மேலும் செழித்தது.

கூட்டாளிகளின் முணுமுணுப்பு

ஆனால் கூட்டாளிகளுக்குத் திருப்தி இல்லை. இலாபம் வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. இன்னும் வந்திருக்குமே என்பதுதான் அவர்கள் குறை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்றார் ஓவன். நாம் நூல் வியாபாரிகள், நமக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றார்கள் அவர்கள்.

அவர்கள் பேச்சிலும் ஒரு நியாயம் உண்டு. பணம் அவர்களுடையது. இன்னொருவர் பணத்தில் தருமம் செய்ய ஓவனுக்கு என்ன உரிமை?

ஓவன் இதை உணர்ந்தார். ஆகவே சண்டை போடவில்லை. ஒரு விலை சொன்னார்: 84,000 பவுன். அந்த விலைக்கு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது எனக்கு விற்றுவிடுங்கள் என்றார். அவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள்.

ஓவன் வேறு கூட்டாளிகளைச் சேர்த்தார். அவர்களும் அதே பாட்டைப் பாடினர். நல்ல வீடு எதற்கு, பள்ளி எதற்கு, இவ்வளவு சம்பளம் எதற்கு என்றனர். கடைசியில் ஆலைகளை ஏலத்தில் விடுவது என்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டாளிகள் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். ஓவன் ஆலையைக் கெடுத்துவிட்டார், அது 40,000 பவுன்கூடப் பெறாது என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். மதிப்பைக் குறைத்துத் தாங்களே மலிவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

அதே சமயத்தில் ஓவன் லண்டனில் இருந்தார். ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டு, நல்ல மனம் படைத்த பணக்காரர் சிலருக்கு அனுப்பினார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து போதும், மீதி தொழிலாளர் குழந்தைகளின் கல்விக்கும் ஊர் நன்மைக்கும் என்பவர்கள் மட்டும் வாருங்கள் என்று அழைத்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் கடனுக்குச் சட்டம் அனுமதித்த உயர்ந்த வட்டியே நூற்றுக்கு ஐந்துதான். ஆகவே அவர் யாரையும் துறவியாகச் சொல்லவில்லை. நியாயமான வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்றார்.

ஆறு பேர் முன்வந்தனர். அவர்களில் ஒருவர் புகழ்பெற்ற தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம். இன்னொருவர் வில்லியம் ஆலன். மருந்து வணிகர், அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். பங்குக்கு 10,000 பவுன் என்று 13 பங்குகள். ஐந்து பங்கு ஓவனுடையது.

ஏலம்

1813ஆம் ஆண்டின் கடைசி நாள். கிளாஸ்கோவில் ஏலம் நடந்தது. பழைய கூட்டாளிகள் வெற்றி நிச்சயம் என்று எண்ணி, மாலை விருந்துக்கு நண்பர்களைக்கூட அழைத்துவிட்டார்கள்.

ஓவனின் வக்கீலுக்கு ஒரே உத்தரவு. அவர்கள் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் 100 பவுன் கேட்க வேண்டும். விலை ஏறியது. 80,000 தாண்டியது. லட்சம் தாண்டியது. பழைய கூட்டாளிகள் 1,14,000 என்றனர். வக்கீல் 100 கூட்டினார். அதோடு அவர்கள் மூச்சு அடங்கியது. ஆலை 1,14,100 பவுனுக்கு ஓவனிடம் வந்தது.

அன்று மாலை விருந்து நடந்தது. சாப்பாடு யாருக்கும் ருசிக்கவில்லை. 40,000கூடப் பெறாது என்று தாங்களே தூற்றிய ஆலைக்கு லட்சத்துக்கு மேல் கேட்டவர்கள் என்று விருந்தாளி ஒருவர் அவர்களைக் கேலி செய்தாராம்.

பிறகு கணக்குப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. முதலுக்கு நூற்றுக்கு ஐந்து கழித்த பிறகும், நான்கு ஆண்டுகளில் 1,60,000 பவுன் இலாபம் வந்திருந்ததாக ஓவன் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கெட்டுப்போனதாகச் சொன்ன ஆலையின் கணக்கு இது!

ஓவன் ஊர் திரும்பினார். நியூ லானார்க்கில் சன்னல் தோறும் விளக்கு எரிந்தது. மக்கள் எதிர்கொண்டு ஓடிவந்து, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்து வந்தனர்.

ஆடிப் பாடும் பள்ளிக்கூடம்

1816ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பள்ளி திறக்கப்பட்டது. தத்தித் தத்தி நடக்கத் தெரிந்த குழந்தையும் அங்கே வரலாம். பிரிட்டனின் முதல் மழலையர் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். அடி கிடையாது. படங்களையும் பொருள்களையும் காட்டிப் பாடம் நடந்தது. ஆட்டமும் பாட்டும் உண்டு. தாய்மார் கவலையின்றி வேலைக்குப் போனார்கள்.

வேலை நேரத்தையும் உணவு இடைவேளை நீங்கலாகச் சுமார் பத்தரை மணியாக ஓவன் குறைத்தார். மற்ற ஆலைகளில் 13, 14 மணி நேரம் வேலை நடந்த காலம் அது. ஆனாலும் நியூ லானார்க் நட்டப்படவில்லை. இதைக் காணப் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர் வந்தனர். பின்னர் ருஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கலஸும் அவர்களில் ஒருவர்.

எல்லா ஆலைகளிலும் குழந்தைகளைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று ஓவன் பாடுபட்டார். 1819ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பஞ்சாலையில் வைக்கக்கூடாது என்றது. அவர் கேட்டது இதைவிட அதிகம். ஆனாலும் ஒரு தொடக்கம்.

சர்க்கரையும் பஞ்சும்

நல்லவர்கள் கூட்டுச் சேர்ந்தால் சச்சரவே வராது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒருவர் மனச்சாட்சி சொல்வதை மற்றவர் மனச்சாட்சி ஒப்புவதில்லை.

வில்லியம் ஆலன் பக்திமான். பள்ளியில் குழந்தைகள் ஆடுவதும் பாடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. சமயக் கல்வி போதாது என்று குறைப்பட்டார். ஓவனோ மதங்களை வெளிப்படையாகக் கண்டித்தவர். 1824ஆம் ஆண்டில் ஆலன் பக்கம் வென்றது. ஆட்டமும் பாட்டும் குறைந்தன. ஓவனின் மனம் அந்த ஊரை விட்டு விலகத் தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தின்னமாட்டேன் என்று ஆலன் இளமையிலேயே உறுதி எடுத்து, பல்லாண்டுகள் அதைத் தொடாமல் இருந்தவர். ஆனால் அவர் பணம் போட்ட ஆலைக்கு வந்த பஞ்சு? அதில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் வியர்வையில் விளைந்ததுதான். தேநீர்க் கோப்பையில் கண்ட பாவத்தை, பங்குப் பத்திரத்தில் அவர் காணவில்லை.

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கைக்கு எட்டும் தொலைவில் உள்ள அநியாயம் கண்ணுக்குத் தெரியும். கடல் கடந்து நடப்பது தெரியாது. போட்ட பணம் எவ்வளவு தூரம் போகிறது என்று முழுவதும் பார்த்துவிட யாராலும் இயலாது. அதனால் பார்க்காமலே இருந்துவிடலாம் என்றும் ஆகாது.

கணக்கில்லாத தருமம்

1825ஆம் ஆண்டில் ஓவன் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலம். எல்லாரும் உழைத்து எல்லாரும் பகிர்ந்து வாழும் ஊரை அங்கே உண்டாக்க எண்ணினார்.

வர விரும்பியவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானவர் வந்து குவிந்தனர். பேசத் தெரிந்தவர் பலர். உழத் தெரிந்தவர் சிலர். ஓவனும் நெடுநாள் அங்கே தங்கவில்லை. ஊரை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரிட்டனுக்குப் போய்விட்டார். யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு எடுத்தார் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 1827ஆம் ஆண்டுக்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

வாழ்நாளில் சேர்த்த சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதில் கரைந்தது. கரோலின் ஸ்காட்லாந்திலேயே இருந்தார். 1831ஆம் ஆண்டில் அந்த அம்மாள் காலமானார்.

நியூ லானார்க்கில் ஒவ்வொரு கட்டைக்கும் நிறம் பார்த்த மனிதர், நியூ ஹார்மனியில் நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்று நம்பிவிட்டார். நோக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முதல் இடத்தில் கணக்கு இருந்தது. இரண்டாவது இடத்தில் இல்லை.

28 பேர் போட்ட 28 பவுன்

ஓவனின் கையால் நடவாத ஒன்றை அவருடைய கருத்து நடத்திக் காட்டியது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்பது நெசவாளர் ஊர். வறுமை வாட்டிய காலம். ஓவனின் கருத்துகளைக் கேட்டவர்களும் படித்தவர்களுமாக 28 பேர் கூடினர். வாரந்தோறும் சில காசுகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டனர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி இவ்வளவுதான்.

அவர்கள் விதி வகுத்தனர். கலப்படம் கூடாது, எடை சரியாக இருக்க வேண்டும், கடன் இல்லை. போட்ட முதலுக்கு வரம்பு கட்டிய வட்டி மட்டும் உண்டு. மீதி இலாபம், யார் எவ்வளவு சாமான் வாங்கினார்களோ அந்த அளவுக்கு அவர்களுக்கே திரும்பும். கணக்குப் புத்தகம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

ஓவனின் நல்ல நோக்கத்தோடு நெசவாளரின் சிக்கனக் கணக்கும் சேர்ந்தது. கடை நிலைத்தது, கிளைத்தது, உலகெங்கும் பரவியது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் 1904ஆம் ஆண்டில் அந்த வழியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது.

கடைசி நாட்கள்

ஓவன் முதுமை வரை ஓயவில்லை. எழுதினார், பேசினார், ஊர் ஊராகப் போனார். பெரும் ஆலை முதலாளியாக இருந்தவர், கடைசிக் காலத்தில் மகன்களின் உதவியால் எளிமையாக வாழ்ந்தார்.

உடல் தளர்ந்ததும் பிறந்த ஊருக்குத் திரும்பினார். 1858ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி நியூடவுனில் உயிர் பிரிந்தது. வயது 87. தாய் தந்தையர் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

நியூ லானார்க் ஆலைகள் 1968ஆம் ஆண்டு வரை ஓடின. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இன்று நம் வீடுகளிலும் மாதம் முடிந்தால் சிறிது மிச்சம் பிடிக்கிறோம். அதைச் சீட்டிலோ, வங்கியிலோ, கம்பெனிப் பங்கிலோ போடுகிறோம். நூற்றுக்கு இருபது, முப்பது என்று ஆசை காட்டுகிறவர்களும் வருகிறார்கள். அப்போது ஓவனின் வாழ்க்கையை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் குடும்பத்துக்கு எவ்வளவு வருமானம் போதும்? அதற்கு மேல் வருவது யார் வயிற்றிலிருந்து வருகிறது? பணம் போகும் இடத்தில் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளைக் கேட்டதால் ஓவன் நியூ லானார்க்கில் வென்றார். மூன்றாவது கேள்வியை மறந்ததால் நியூ ஹார்மனியில் தோற்றார். பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குவதற்கு முன்பு, வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்.